வகுப்பைப் பார்க்காமல் தரும் சான்றிதழ்

திருச்சியின் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் படித்து முடிப்பவர்களில் ஒரு பகுதியினர் பி.எட். சேர்கிறார்கள், இன்னொரு பகுதியினர் நெட், செட் தேர்வுகளுக்குத் தயாராகிறார்கள். இரண்டுக்கும் காத்திருக்க இயலாதவர்கள் தில்லைநகரிலும் சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் உள்ள ஸ்போக்கன் இங்கிலீஷ், ஐஇஎல்டிஎஸ் மையங்களில் சேர்ந்துவிடுகிறார்கள். திருமணமாகி ஸ்ரீரங்கத்தில் குடியேறி, வீட்டிலிருந்தபடியே இணையத்தில் வகுப்பெடுக்க விரும்பும் பெண்கள் உண்டு. வளைகுடாவுக்கோ தென்கிழக்காசியாவுக்கோ ஆங்கில ஆசிரியராகப் போக நினைக்கும் இளைஞர்களும் உண்டு. திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகருக்கு 2023 நவம்பரில் நேரடி விமானம் வந்தபின் அந்த நினைப்பு கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிறது. இவர்கள் எல்லோரும் கேட்பது, வெளிநாட்டவருக்கு ஆங்கிலம் கற்பிக்க எந்தச் சான்றிதழ் வாங்கினால் செல்லும் என்பதைத்தான். விலை, மணிக்கணக்கு, முத்திரை ஆகியவற்றை வைத்து அந்தக் கேள்விக்கு விடை தேடுகிறார்கள். அதற்கு முன்பாகக் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நான் வகுப்பெடுப்பதை, அறிந்த ஒருவர் நேரில் உட்கார்ந்து பார்த்துக் குறைகளைச் சொன்ன பிறகு தரப்படும் சான்றிதழா இது? இதற்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால், மற்ற எல்லாத் தகுதிகளும் இருந்தாலும் அந்தச் சான்றிதழை ஒதுக்கிவிடலாம் என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

இந்தத் துறையில் நிலைபெற்ற சான்றிதழ்கள் எப்படிப் பிறந்தன என்பதிலேயே இதற்கான காரணம் இருக்கிறது. 1962-ல் லண்டனில் ஜான் ஹேகிராஃப்ட் என்பவர் தம் மொழிப் பள்ளிக்கு ஆசிரியர்கள் தேவைப்பட்டதால் இரண்டு வாரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். கோட்பாட்டைக் குறைத்து, உண்மையான மாணவர்கள் முன் நின்று பாடம் நடத்த வைத்ததுதான் அதன் புதுமை. அந்தப் பயிற்சியே பல கைகள் மாறி, இன்று கேம்பிரிட்ஜ் வழங்கும் செல்டா ஆகியிருக்கிறது. அதில் 120 மணி நேரம் பயிற்றுநரோடு செலவாகிறது. அதற்குள் 6 மணி நேரம் பயிற்சி பெறுபவர் இரண்டு வெவ்வேறு நிலை மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறார். பயிற்றுநர் பின்னால் அமர்ந்து குறிப்பெடுக்கிறார். வகுப்பு முடிந்ததும் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பேசுகிறார்கள். அனுபவமுள்ள ஆசிரியர்களின் வகுப்புகளைப் பயிற்சி பெறுபவரும் 6 மணி நேரம் பார்க்க வேண்டும். 4 எழுத்துப் பணிகள் உண்டு. ஒவ்வொரு அணிக்கும் வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வருவதால், பயிற்சி நிலையம் தன் மாணவருக்குத் தானே மதிப்பெண் போட்டு முடித்துவிட முடியாது. இதற்கு நிகரான டிரினிட்டி கல்லூரியின் செர்ட் டீசாலிலும் அதே 6 மணி நேரப் பாடம் நடத்தும் பயிற்சி இருக்கிறது. அதோடு, பயிற்சி பெறுபவர் தமக்கு அறவே தெரியாத ஒரு மொழியைச் சில மணி நேரம் மாணவராக உட்கார்ந்து கற்று, அந்த அனுபவத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஆங்கிலம் தெரியாமல் முதல் வரிசையில் திகைத்து உட்கார்ந்திருப்பவரின் நிலையை ஆசிரியருக்கு உணர்த்த இதைவிடச் சிறந்த ஏற்பாடு எனக்குத் தெரிந்து வேறில்லை. பிரிட்டனில் மொழிப் பள்ளிகளுக்குத் தரச்சான்று தரும் பிரிட்டிஷ் கவுன்சில், ஆசிரியரின் தொடக்கநிலைத் தகுதிக்கு வைத்திருக்கும் அளவுகோலும் இதையொட்டியதே: குறைந்தது 100 மணி நேரப் பாடம், உண்மையான மாணவர்களோடு மேற்பார்வையில் 6 மணி நேரம் கற்பித்தல், வெளியார் மதிப்பீடு.

இணையத்தில் விற்கப்படும் பெரும்பாலான சான்றிதழ்கள் இதிலிருந்து 120 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கின்றன. அந்த 120 மணி நேரம் என்பது காணொளி பார்ப்பதற்கும் பக்கங்களைப் படித்துச் சரியான விடையைச் சொடுக்குவதற்கும் ஆகும் என்று நிறுவனமே போட்டுக்கொண்ட கணக்கு. விலை சில ஆயிரம் ரூபாய். தள்ளுபடி நாள்களில் இன்னும் இறங்கும். ஒரு மாணவர்கூட இல்லாத பயிற்சி. இருசக்கர வாகன உரிமத்துக்குப் போனால்கூட ஆய்வாளர் கண் முன்னே எட்டுப் போட்டுக் காட்டச் சொல்கிறார்கள். முப்பது பேரின் மொழிக் கல்வியை ஒப்படைக்கும்போது அதுகூட இல்லை. சான்றிதழின் கீழ்ப்பகுதியில் இருக்கும் அங்கீகார முத்திரைகள் இந்தக் குறையை மறைக்கின்றன. பிரிட்டனில் தரச்சான்று அமைப்பு என்ற பெயரில் தனியார் ஒருவர் நிறுவனம் தொடங்கத் தடை ஏதுமில்லை; அதனால் முத்திரையின் பெயர் கம்பீரமாக இருப்பது எதையும் நிரூபிக்காது. இங்கிலாந்தில் தகுதிகளை அரசின் சார்பில் ஒழுங்குபடுத்துவது ஆஃப்குவால். அது நடத்தும் பதிவேடு இணையத்தில் எவரும் இலவசமாகத் தேடிப் பார்க்கக்கூடியது. செல்டாவும் டிரினிட்டி சான்றிதழும் அதில் 5-ம் நிலைத் தகுதிகளாக உள்ளன. ஒரு சான்றிதழ் அந்தப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். பதிவேட்டில் இருந்தாலும், பாடத்திட்டத்தில் மாணவர்கள் முன் கற்பிக்கும் பகுதி இருக்கிறதா என்று தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். நிலை எண் அந்த உறுதியைத் தருவதில்லை.

இன்னொரு தவறான நம்பிக்கை அப்போஸ்டில் முத்திரை பற்றியது. 1961-ம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை இந்தியாவில் 2005-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வெளியுறவு அமைச்சகம் ஒட்டித் தரும் அப்போஸ்டில், ஆவணத்தில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று மட்டுமே சொல்கிறது. படிப்பு தரமானதா என்ற விசாரணை அதில் கிடையாது. தூதரகச் சான்றொப்பம் கேட்கும் நாடுகளிலும் நிலைமை அதுவே. எனவே ‘எங்கள் சான்றிதழுக்கு அப்போஸ்டில் கிடைக்கும்’ என்று ஒரு நிறுவனம் சொன்னால், அது பொய்யில்லை. ஆனால் சேரப் போகிறவர் தெரிந்துகொள்ள விரும்பிய விஷயத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

எங்கே வேலை செய்யப் போகிறோம் என்பதை முடிவு செய்யாமல் சான்றிதழைத் தேர்ந்தெடுப்பதும் பணத்தை வீணாக்கும். தமிழ்நாட்டுப் பள்ளி ஒன்றில் பட்டதாரி ஆசிரியராக வேண்டுமானால் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் ஏற்ற பி.எட். வேண்டும், அரசு, உதவிபெறும் பள்ளிகளில் தகுதித் தேர்வும் வேண்டும். செல்டா அங்கே எதற்கும் ஈடாகாது. கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள் முதுகலைப் பட்டமும் நெட், செட் அல்லது முனைவர் பட்டமும் கேட்கின்றன. வளைகுடாவில் உள்ள சிபிஎஸ்இ பள்ளிகளும் முதலில் பார்ப்பது பி.எட். பட்டத்தைத்தான். பலருக்கும் தெரியாத தகவல் ஒன்று: 2010 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள இந்திய - தென்கொரிய விரிவான பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தத்தின் கீழ், ஆங்கிலத்தில் பட்டமும் ஆசிரியர் தகுதிச் சான்றும் உள்ள இந்தியர்கள் கொரியப் பள்ளிகளில் உதவி ஆங்கில ஆசிரியர்களாகச் செல்ல வழி உண்டு. ஆங்கில ஆசிரியர் விசாவை ஏழு நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும் என்று வைத்திருக்கும் நாடு, நமக்குத் திறந்த ஒரே கதவுக்குக் கேட்கும் சாவி நம் ஊர்க் கல்வியியல் கல்லூரியில் கிடைப்பதுதான். மாறாக, பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் மொழிப் பள்ளிகள், பிரிட்டிஷ் கவுன்சில் மையங்கள், தென்கிழக்காசிய நகரங்களின் நல்ல பயிற்சி நிலையங்கள் ஆகியவற்றில் செல்டாவுக்கும் டிரினிட்டிக்கும் உள்ள மதிப்பு பி.எட்.டுக்குக் கிடைப்பதில்லை. பயிற்சிமுறைகளை ஆழமாகக் கற்க விரும்புகிறவர்களுக்கு 1958-ல் ஹைதராபாதில் மத்திய ஆங்கில நிறுவனமாகத் தொடங்கி, 2007-ல் மத்தியப் பல்கலைக்கழகமான ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்தின் முதுநிலைச் சான்றிதழ், பட்டயப் படிப்புகள் இருக்கின்றன. அதன் பாட ஆழத்துக்கு எந்த வெளிநாட்டுச் சான்றிதழும் இணையில்லை என்பேன். தொலைநிலை வழியில் சேர்பவர்கள், அந்த ஆண்டு கற்பித்தல் பயிற்சிக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தகவலேட்டில் பார்த்துவிட்டுச் சேர வேண்டும்.

பார்க்கப்படாத கற்பித்தலுக்கு என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு பெரிய சான்று உண்டு. 1950-களின் இறுதியில் அன்றைய சென்னை மாநிலத்தில், பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு, தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்கள் அனைவருக்கும் மறுபயிற்சி தர ஒரு இயக்கம் தொடங்கப்பட்டது. டி.ஏ. ஸ்மித் 1962-ல் லண்டன் இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரையின் தலைப்பே 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தரும் முயற்சி என்று அதைக் குறிப்பிடுகிறது. உருண்டு உருண்டு பெரிதாகும் பனிப்பந்தைப் போல, ஒரு சிறு குழுவுக்கு நேரடியாகப் பயிற்சி, அந்தக் குழு மாவட்டங்களில் மற்றவர்களுக்குப் பயிற்சி என்ற ஏற்பாடு. உலகெங்கும் ஆங்கிலக் கல்வியாளர்கள் அதை ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்ற பெயரால் அறிவார்கள். அதன் நோக்கம் உயர்வானது. அந்த எண்ணிக்கையை இன்று நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது. ஆனால் இத்தகைய சங்கிலிப் பயிற்சியின் இயல்பான பலவீனமும் அதில் இருந்தது. மேல் வளையத்தில் செய்துகாட்டிக் கற்பிக்கப்பட்டது, கீழே இறங்க இறங்கச் சொல்லிக் கற்பிப்பதாகச் சுருங்கும். கடைசி வளையத்தில் இருக்கும் கிராமத்து ஆசிரியர் தம் வகுப்பில் அதை எப்படிச் செய்கிறார் என்று பார்க்க ஆள் இருக்காது. அறுபது ஆண்டுகள் கழித்து இணையச் சான்றிதழ் செய்வதும் அதே சுருக்கம்தான்; இப்போது சங்கிலிகூட இல்லை.

அதற்கு எதிர்ப்புறத்தில் இருப்பது என்.எஸ். பிரபுவின் பணி. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் கடலூரிலும் சாதாரணப் பள்ளி வகுப்புகளில் நடத்திய சோதனை, பணிவழி மொழிக் கற்பித்தலின் தொடக்கங்களில் ஒன்றாக உலகப் பாடநூல்களில் இடம்பெற்றிருக்கிறது. இலக்கண வாய்பாட்டுக்குப் பதில், கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்துச் சிந்திக்க வைக்கும் கணக்குகளின் வழியே ஆங்கிலம். அந்த வகுப்புகளை வெளியிலிருந்து வருபவர்கள் பார்த்தார்கள். பாடங்கள் பதிவு செய்யப்பட்டு விவாதிக்கப்பட்டன. பின்னர் இரு வெளிநாட்டு ஆய்வாளர்கள் அதை மதிப்பிட்டார்கள். 1990-ல் எழுதிய கட்டுரையில் பிரபு, எல்லா வகுப்புக்கும் பொருந்தும் சிறந்த முறை என்று ஒன்று இல்லை என்றும், தான் செய்வது ஏன் பலிக்கிறது என்று ஆசிரியருக்குள் உயிரோடிருக்கும் உணர்வே முக்கியம் என்றும் வாதிட்டார். அந்த உணர்வு காணொளி பார்த்து வருவதில்லை. தன் வகுப்பைப் பற்றி இன்னொருவரோடு நேர்மையாகப் பேசும்போதுதான் வருகிறது.

இந்த வாதத்துக்கு எதிராக நியாயமான கேள்விகள் எழும். முதலாவது, பி.எட்.டில் மட்டும் என்ன வாழ்கிறது என்பது. 2014 விதிமுறைகளுக்குப் பின் பி.எட். இரண்டாண்டுப் படிப்பாகி, 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும் என்றாகிவிட்டது. 20 வாரங்களோடு ஒப்பிட்டால் 6 மணி நேரம் ஒன்றுமேயில்லை. ஆனால் அந்த 20 வாரங்களில் பாடக்குறிப்பு ஏடுகளும் ரெக்கார்டு நோட்டுகளும் தைத்துக் கொடுப்பதில் போகும் நேரம் எவ்வளவு, கல்லூரியிலிருந்து வந்தவர் முழு வகுப்பையும் உட்கார்ந்து பார்த்த நாள்கள் எத்தனை என்று பி.எட். முடித்தவர்களைக் கேட்டால் மனநிறைவான பதில் வருவது அரிது. இது மெய்தான். ஆனால் இது பார்ப்பதன் தேவையை மறுக்கவில்லை. பார்க்காமல் விடும் கல்லூரியைத் தவிர்க்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. பி.எட். சேரப் போகிறவர் கட்டணத்தையும் தேர்ச்சி விழுக்காட்டையும் விசாரிப்பதோடு, கடந்த ஆண்டு மாணவர் ஒருவருக்கு எத்தனை வகுப்புகள் முழுதாகப் பார்க்கப்பட்டன என்பதையும் விசாரிக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி பணம். செல்டாவுக்கு இந்தியாவில் ஆகும் கட்டணம் பொதுவாக ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும். பெருநகரத்துக்குப் போய்ச் செய்தால், நான்கைந்து வாரம் தங்கும் செலவு வேறு. 2020-க்குப் பின் முழுக்க இணையவழியிலேயே, உண்மையான மாணவர்களோடும் பயிற்றுநர் பார்வையிலும், செல்டா படிக்க முடிகிறது என்பதால் தங்கும் செலவு மிச்சமாகலாம், கட்டணம் குறையவில்லை. தனியார் மையத்தில் மாதம் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு வேலை பார்ப்பவரிடம் இதைப் போய்ச் செய் என்று சொல்வது கடினம்தான். எனவே எல்லோரையும் செல்டா படிக்கச் சொல்வது என் நோக்கமில்லை. வெளிநாட்டு மொழிப் பள்ளியோ பெரியவர்களுக்கான தொழில்முறைக் கற்பித்தலோ உறுதியான இலக்காக இருந்தால் மட்டும் அந்தச் செலவு தகும். உள்ளூர்ப் பள்ளியே போதும் என்பவர் அந்தப் பணத்தை நல்ல பி.எட். கல்லூரிக்குச் செலுத்தலாம். இரண்டும் முடியாதவர், ஐந்தாயிரம் ரூபாய்ச் சான்றிதழை வாங்குவதைவிட, மூத்த ஆசிரியர் ஒருவரை வாரம் ஒரு முறை தம் வகுப்பில் உட்காரச் சொல்லிக் கேட்டுக்கொள்வது மேல். சான்றிதழ் கிடைக்காது, கற்பித்தல் மேம்படும்.

மூன்றாவது கேள்விதான் கசப்பானது. என்ன படித்தாலும் இந்தியக் கடவுச்சீட்டைப் பார்த்ததும் விண்ணப்பத்தை ஒதுக்கிவிடுகிறார்களே, பிறகு எதற்குச் சான்றிதழ்? சீனாவில் ஆங்கில ஆசிரியர் பணி உரிமம் பெரும்பாலும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டவருக்கே கிடைக்கிறது. வேறு பல நாடுகளிலும் எழுதாத விதியாக அதுவே இருக்கிறது. நன்றாகக் கற்பிக்கத் தெரிந்த திருச்சிக்காரரைத் தள்ளிவிட்டு, பயிற்சியே இல்லாத ஒருவரைப் பிறந்த நாட்டுக்காக எடுப்பது அநீதி. அதை எந்தச் சான்றிதழும் ஒரே நாளில் ஒழித்துவிடாது. ஆனால் இந்த அநீதியின் முன்னே முத்திரை மட்டும் உள்ள தாள் அறவே உதவாது என்பதைக் கவனிக்க வேண்டும். தயக்கத்தோடு நேர்காணலுக்கு அழைப்பவர் கடைசியில் ஒரு மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்வார். அங்கே கைகொடுப்பது, ஏற்கெனவே ஆறேழு முறை ஒருவர் பார்வையில் தடுமாறி, திருத்திக்கொண்டு எடுத்த வகுப்புகளின் பலன் மட்டுமே. இணையத்தை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. 2021 ஜூலையில் சீன அரசு, வெளிநாட்டில் இருந்தபடி பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பதைத் தடை செய்தபோது, பல நாடுகளின் இணைய ஆசிரியர்கள் ஒரே வீச்சில் வேலை இழந்தார்கள். சந்தை ஒரு அரசாணையில் மூடிக்கொள்ளும்போது கையில் மிஞ்சுவது கற்பிக்கும் திறமைதான்.

தனிமனிதர் தேர்வில் இந்தப் பிரச்சினை முடிந்துவிடவும் கூடாது. லட்ச ரூபாய்க்குப் பெருநகரத்தில் விற்கப்படுவதைத் திருச்சியே ஏன் தரக்கூடாது? ஆங்கிலம் கற்பிப்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. 1762-ல் ஸ்வார்ட்ஸ் பாதிரியார் இங்கே வந்த காலம் முதல் அந்த மரபு இருக்கிறது. 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-ல் இங்கு இடம்பெயர்ந்த புனித வளனார் கல்லூரி, 1919-ல் தோன்றிய தேசியக் கல்லூரி, 1923-ன் ஹோலி கிராஸ், 1951-ல் தொடங்கிய ஜமால் முகமதுவும் சீதாலட்சுமி ராமசாமி கல்லூரியும், பிஷப் ஹீபர், ஸ்ரீரங்கம் தீவில் ஸ்ரீமத் ஆண்டவன் கல்லூரி என்று வரிசையாக நிற்பவை தன்னாட்சி பெற்றவை. சான்றிதழ்ப் படிப்புக்குப் பாடத்திட்டம் வகுக்க அவை யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. 1982-ல் உருவான பாரதிதாசன் பல்கலைக்கழகம், இக்கல்லூரிகள் ஒன்றையொன்று மதிப்பிடும் ஏற்பாட்டைச் செய்தால் வெளியார் மதிப்பீடும் கிடைத்துவிடும். ஒரு பருவம், 100 மணி நேரப் பாடம், 10 மணி நேரம் பார்க்கப்பட்ட கற்பித்தல், ஒவ்வொரு வகுப்புக்கும் எழுத்தில் குறிப்பு, இன்னொரு கல்லூரியிலிருந்து வரும் மதிப்பீட்டாளர் என்று வைத்தால், பிரிட்டிஷ் கவுன்சில் கேட்கும் குறைந்தபட்ச அளவையும் இது தாண்டும்.

பயிற்சிக்கு மாணவர்கள் எங்கே என்று கேட்கத் தேவையில்லை. செல்டா மையங்கள் பயிற்சி வகுப்புகளை இலவசமாக அறிவித்துத்தான் ஆள் சேர்க்கின்றன. திருச்சியில் அப்படி அறிவித்தால் நேதாஜி சாலைத் துணிக்கடை ஊழியர்கள் வருவார்கள். புத்தூர் அரசு மருத்துவமனையில் பயிலும் செவிலியர் மாணவிகள் வருவார்கள். வடநாட்டாருக்கும் வெளிநாட்டாருக்கும் கோயிலைச் சுற்றிக் காட்டும் ஸ்ரீரங்கத்து வழிகாட்டிகளும், உத்திர வீதிகளில் ஆட்டோ ஓட்டுபவர்களும் வருவார்கள். ஆங்கிலம் உடனே தேவைப்படுகிற, சரியாகக் கற்பிக்காவிட்டால் அடுத்த நாள் வராமல் நின்றுவிடுகிற மாணவர்கள். புதிய ஆசிரியருக்கு அவர்களைவிடக் கறாரான தேர்வாளர்கள் கிடைக்கமாட்டார்கள். தொடக்கத்தில் உலக நாடுகள் இந்தச் சான்றிதழை அறியா என்பது உண்மையே. செல்டாவும் ஒரு தனிப் பள்ளியின் இரண்டு வாரப் பயிற்சியாக, யாரும் அறியாமல் தொடங்கியதுதான். உள்ளூர்ப் பள்ளி நிர்வாகங்களும் ஐஇஎல்டிஎஸ் மையங்களும் இதைப் படித்தவரை எடுத்துப் பார்த்து வேறுபாடு கண்டால் மதிப்பு தானாக வரும்.

ஒரு பேராசிரியர் பத்துப் பேரின் வகுப்புகளைத் தலா பத்து மணி நேரம் பார்ப்பதென்றால் பருவத்துக்கு 100 மணி நேரம் ஆகும். பெரிய தடை அதுதான். கட்டடமோ கருவியோ இல்லை. அந்த 100 மணி நேரத்தைப் பேராசிரியரின் பணிச்சுமைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளக் கல்லூரிகள் முன்வர வேண்டும். மாலை நேரத்தில் கூடுதலாகச் செய்யும் சேவை என்று விட்டுவிட்டால் இரண்டாம் ஆண்டிலேயே கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுக்கும் நிலை வந்துவிடும். கல்விக் குழுக்கள் அடுத்த கல்வியாண்டுக்கான புதிய படிப்புகளை எடுத்துக்கொள்ளும்போது, பாடத்திட்டத்தை முன்வைப்பதற்கு முன்னால் இந்தப் பணிநேர ஒதுக்கீட்டைத் தீர்மானமாக எழுதிக்கொள்ளட்டும்.